‘கிட்’ வளரும் விதம்: சின்னத் திருத்தமும் அதன் காரணமும்

பள்ளி அலுவலகக் கணினியில் ஏதேனும் ஒரு கோப்புறையைத் திறந்து பாருங்கள். ‘ஆண்டுவிழா அறிக்கை’, ‘ஆண்டுவிழா அறிக்கை இறுதி’, ‘இறுதி 2’, ‘இறுதி திருத்தியது புதியது’ என்று ஒரே கோப்பு நான்கு பெயர்களில் இருக்கும். இதில் எது கடைசி என்று கேட்டால் தட்டச்சு செய்தவருக்கே சந்தேகம் வந்துவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு என்ன மாறியது, ஏன் மாறியது என்பதோ யாருக்கும் நினைவிருக்காது.

நாலு பேர் சேர்ந்து எழுதும் அறிக்கைக்கே இந்தப் பாடு என்றால், உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் ஒரு மென்பொருளுக்கு என்ன வழி? அதற்காக உருவானவைதான் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள். அவற்றுள் இன்று மிகப் பரவலாகப் பயன்படுவது ‘கிட்’. நான் ஒரு கணிதப் பட்டதாரி ஆசிரியர். மென்பொருள் எழுதுவது என் தொழில் அன்று. ஆனால் கிட் திட்டத்தில் நடக்கும் மாற்றங்களையும் அவற்றுக்கு எழுதப்படும் குறிப்புகளையும் விடுமுறை நாள்களில் வாசிக்கும் பழக்கம் எனக்கு இரண்டு ஆண்டுகளாக உண்டு. நிரலில் பாதி எனக்குப் புரியாது. குறிப்புகள் நன்றாகவே புரியும். விடைத்தாள் திருத்துகிற ஒருவர் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சிறிது வரலாறு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதியவர்கள் 2002 முதல் ‘பிட்கீப்பர்’ என்ற மென்பொருளில் தங்கள் நிரல் மாற்றங்களைப் பராமரித்து வந்தார்கள். அது ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருள். இலவசமாகப் பயன்படுத்தக் கொடுத்திருந்தார்கள். 2005-இல் அந்த இலவச அனுமதி முடிவுக்கு வந்தது. உடனே லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே ஒன்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 3-ஆம் தேதி வேலையைத் தொடங்கினார். 7-ஆம் தேதிக்குள் கிட் தன்னுடைய நிரலைத் தானே பாதுகாக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அன்று அதில் இருந்தவை ஆயிரத்துச் சொச்சம் வரிகள்தாம். அதே ஆண்டு ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்தார். இருபது ஆண்டுகளாக அவர்தான் பராமரிப்பாளர். நம் மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளில் ‘பாஸ்’ என்றொரு இயங்குதளம் இருந்தது நினைவிருக்கும். அதுவும் லினக்ஸ் வகைதான். ஆகவே இந்தக் கதை நமக்கு அவ்வளவு தொலைவில் நடந்ததன்று.

நான்கு நாளில் எழுதினார் என்பதைத்தான் எல்லோரும் வியந்து சொல்வார்கள். எனக்கு அதற்குப் பின் வந்த இருபது ஆண்டுகள்தாம் வியப்பு. இந்த இருபது ஆண்டுகளில் கிட்டைக் கலைத்துப்போட்டு யாரும் புதிதாக எழுதவில்லை. பத்து வரி, ஐந்து வரி, சில நாள் ஒரே ஒரு சொல் என்று மாற்றி மாற்றித்தான் இன்றைய நிலைக்கு வந்திருக்கிறது.

கிட்டில் ஒவ்வொரு மாற்றத்தையும் ‘கமிட்’ என்று பதிவு செய்வார்கள். என்ன மாறியது, யார் மாற்றினார், எப்போது என்பதோடு ஒரு குறிப்பும் அந்தப் பதிவில் இருக்கும். கிட் திட்டத்துக்குத் திருத்தம் அனுப்புகிறவர்களுக்கென்று ஒரு வழிகாட்டி இருக்கிறது. ஒரு பதிவில் ஒரு வேலைதான் இருக்க வேண்டும் என்கிறது அது. எழுத்துப்பிழை திருத்தமும் புதிய வசதியும் ஒரே பதிவில் வந்தால் பிரித்து அனுப்பச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். குறிப்பின் முதல் வரி ஏறக்குறைய 50 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அதன் கீழே, இப்போது என்ன சிக்கல், இந்தத் தீர்வு ஏன் சரி, வேறு எந்த வழிகளை யோசித்துக் கைவிட்டீர்கள் என்பதை எழுத வேண்டும். இன்னொரு விதி தமிழாசிரியர்களுக்குப் பிடிக்கும்: குறிப்பை ஏவல் வினையில் எழுத வேண்டும். ‘மாற்றினேன்’, ‘இந்தத் திருத்தம் மாற்றுகிறது’ என்றெல்லாம் எழுதக் கூடாது. நிரலுக்கு ஆணையிடுவதுபோல் ‘மாற்று’ என்று எழுத வேண்டும்.

மூன்று வரி மாற்றத்துக்கு முப்பது வரிக் குறிப்பு எழுதப்பட்டிருப்பதைக் கண்டபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வாசித்துப் பழகியபின் எண்ணம் மாறியது. மூன்று வரியை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். ஏன் அந்த மூன்று வரி என்பது எழுதியவர் மனத்தில் மட்டும் இருப்பது. அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் அவரோடு போய்விடும்.

பேசாத சோதனையும் பேசும் சோதனையும்

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கவே நூற்றுக்கணக்கான சோதனைக் கோப்புகள் இருக்கின்றன. ஒரு கட்டளையை ஓடவிட்டு, ‘இன்ன கோப்பு உருவாகியிருக்கிறதா?’ என்று சரிபார்ப்பது அவற்றில் அடிக்கடி வரும் வேலை. பழைய சோதனைகளில் இதைக் கணினியின் பொதுவான கட்டளை ஒன்றைக் கொண்டு செய்தார்கள். கோப்பு இருந்தால் சோதனை வெல்லும், இல்லாவிட்டால் தோற்கும். ஆனால் தோற்கும்போது அது வாய் திறக்காது. பத்துக் கோப்புகளைப் பார்க்கும் சோதனையாக இருந்தால் எந்தக் கோப்பு இல்லாமல் போனது என்று தேடிக் கண்டுபிடிப்பது நம் தலையில் விழும்.

பிறகு கிட் குழுவினர் அதே வேலைக்குச் சொந்தமாக ஒரு சின்னத் துணைநிரல் எழுதிக்கொண்டார்கள். அதுவும் அதையே பார்க்கிறது. கோப்பு இல்லையென்றால் மட்டும் ‘இன்ன பெயருள்ள கோப்பு இல்லை’ என்று சொல்லிவிட்டுத் தோற்கிறது. வேறுபாடு அவ்வளவுதான். பழைய சோதனைக் கோப்புகளில் இருக்கும் பழைய கட்டளையை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்து வருகிறது. ‘கூகுள் சம்மர் ஆஃப் கோட்’ என்ற கோடைக்காலப் பயிற்சியில் கிட் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் தொடக்கத்தில் ‘மைக்ரோ புராஜெக்ட்’ என்று ஒரு சிறு வேலையைச் செய்துகாட்ட வேண்டும். அவர்களுக்குக் கொடுக்கப்படும் வேலைகளில் இதுவும் ஒன்று. ஒரே ஒரு சோதனைக் கோப்பை எடுத்துக்கொண்டு திருத்தினால் போதும் என்பார்கள். வேலை எளிது. ஆனால் குறிப்பு எழுதி, அனுப்பி, மூத்தவர்கள் சொல்லும் குறைகளைச் சரிசெய்து, இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம் என்று அனுப்பும் முறை அதிலேயே பழகிவிடும். ஒவ்வொரு வடிவத்தோடும் ‘சென்ற முறையிலிருந்து இதில் மாறியவை இவை’ என்று தனியாக எழுதவும் வேண்டும்.

விடைத்தாளில் நாம் போடும் சிவப்புப் பெருக்கல் குறி அந்தப் பழைய சோதனை மாதிரிதான். ‘தவறு’ என்று மட்டும் சொல்லும். ‘மூன்றாம் வரியில் குறி மாறிவிட்டது’ என்று எழுதினால் புதிய சோதனை. அறுபது நோட்டுகளுக்கு அப்படி எழுத நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குக் கீழே ஒரு வழி சொல்கிறேன்.

ஒரு கசிவை அடைக்க எத்தனை நாள்?

அடுத்த எடுத்துக்காட்டு பொறுமையைப் பற்றியது. ஒரு நிரல் ஓடும்போது கணினியின் நினைவகத்தில் கொஞ்சம் இடத்தைக் கேட்டு வாங்கும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் அதற்கு நினைவகக் கசிவு என்று பெயர். வகுப்பு நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தராததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டின் கட்டளைகள் பெரும்பாலும் நொடிப்பொழுதில் முடிபவை. முடிந்ததும் இயங்குதளமே எல்லா இடத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே கசிவு பலகாலம் பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆனால் அதே நிரல்பகுதியை நெடுநேரம் ஓடும் வேறொரு நிரலுக்குள் வைத்தால் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து தொல்லையாகிவிடும்.

மொத்தக் கசிவையும் ஒரே நாளில் அடைக்க முடியாது. 2021-இல் ஒரு வழி கண்டார்கள். எந்தச் சோதனைக் கோப்பு கசிவே இல்லாமல் ஓடுகிறதோ, அதன் தலைப்பில் ‘இது கசிவின்றித் தேறியது’ என்று பொருள்படும் ஒரு வரியைச் சேர்த்தார்கள். அந்த வரி ஏறிய கோப்பில், பிற்பாடு யாராவது செய்யும் திருத்தத்தால் மறுபடி கசிவு வந்தால் தானியங்கிப் பரிசோதனை உடனே பிடித்துவிடும். முதலில் சில கோப்புகளில் மட்டும் அந்த வரி இருந்தது. ஒருவர் ஒரு கசிவை அடைப்பார். இரண்டு கோப்புகளில் வரி ஏறும். இன்னொருவர் மற்றொன்றை அடைப்பார். மேலும் ஐந்தில் ஏறும். 2025 ஜனவரியில் 2.48 பதிப்பு வந்தபோது எல்லாச் சோதனைகளும் கசிவின்றித் தேறிவிட்டன. எல்லோரும் தேறியபின் ‘தேறியது’ என்ற வரி எதற்கு? அதையும் கோப்புகளிலிருந்து நீக்கிவிட்டார்கள். இதை வாசித்த அன்று, தேவை முடிந்ததும் நிறுத்தப்பட்ட பதிவேடு ஒன்றை நம் பள்ளியில் எப்போதாவது பார்த்திருக்கிறோமா என்று சக ஆசிரியரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சிரித்தார்.

புதிய திருத்தங்கள் நேரே வெளியீட்டுக்குப் போய்விடுவதில்லை. ‘சீன்’ என்ற கிளையில் முதலில் எட்டிப்பார்க்கும். அங்கே இருப்பதாலேயே ஏற்கப்பட்டது என்று பொருளாகாது. தேறினால் ‘நெக்ஸ்ட்’ கிளைக்கு வரும். அங்கே சிலகாலம் பலர் பயன்படுத்திப் பார்த்தபின் ‘மாஸ்டர்’ கிளையில் சேரும். அரும்பு, மொட்டு, மலர் என்று பார்த்துப் பழகிய நம் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பெரிய மாற்றங்களும் இப்படித்தான் நடக்கின்றன. கிட்டின் பல கட்டளைகள் தொடக்கத்தில் ஷெல், பெர்ல் போன்ற மொழிகளில் அவசரத்துக்கு எழுதப்பட்டவை. அவற்றைச் சி மொழிக்கு ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ‘ரீபேஸ்’ என்ற கட்டளை 2018 டிசம்பரில் வந்த 2.20 பதிப்பிலும், ‘ஸ்டாஷ்’ 2019 ஜூனில் வந்த 2.22 பதிப்பிலும் மாறின. பயிற்சி மாணவர்களின் பங்கு இந்த வேலையில் கணிசமானது. புதியது வந்த அன்றே பழையதைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. புதியதில் கோளாறு தென்பட்டால் பழையதற்கே திரும்பிக்கொள்ள ஒரு விசையை வைத்திருந்தார்கள். சில வெளியீடுகள் கடந்து நம்பிக்கை வந்தபின்தான் அந்த விசையை எடுத்தார்கள். 2014 மே மாதம் வந்த 2.0 பதிப்பில் ‘புஷ்’ என்ற கட்டளையின் நடத்தை மாறியது. அது மாறப்போகிறது என்று 2012-இல் வந்த 1.8.0 பதிப்பிலேயே அறிவித்துவிட்டார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. சின்னத் திருத்தம் என்பதாலேயே எல்லாவற்றையும் வரவேற்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இடைவெளி சரியில்லை, அடைப்புக்குறி தவறான வரியில் இருக்கிறது என்பதற்காக மட்டும் பழைய நிரலைத் தோண்டித் திருத்தி அனுப்பினால் கிட் குழுவினர் விரும்புவதில்லை. உருப்படியான ஒரு மாற்றத்துக்காக அந்த இடத்தைத் தொடும்போது அழகையும் சரிசெய்துகொள், அழகுக்காக மட்டும் தொடாதே என்பது அவர்கள் வழிகாட்டியின் சாரம். ஒவ்வொரு திருத்தத்தையும் இன்னொருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். அவர் நேரத்துக்கும் விலை உண்டு. கட்டுரை நோட்டில் அடிக்கோடு நேராக இல்லை என்று மூன்று முறை மீண்டும் எழுதவைக்கும் வழக்கம் இன்னும் அங்கங்கே இருக்கிறது. அதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

பத்துக் கேள்வியில் ஆயிரம் மாற்றம்

மாற்றங்கள் சிறியவையாக, தனித்தனியாக இருப்பதன் பெரும்பயன் ‘பைசெக்ட்’ என்ற கட்டளையில் தெரியும். பெயர் நமக்குப் பழகியதுதான்: கோண இருசமவெட்டியில் வரும் அதே ‘பைசெக்ட்’. கிட் பிறந்த ஆண்டிலேயே இதுவும் வந்துவிட்டது.

சென்ற மாதம் சரியாக ஓடிய நிரல் இன்று ஓடவில்லை. இடையில் ஆயிரம் மாற்றங்கள். எந்த மாற்றத்தால் கெட்டது? வரிசையாகச் சோதித்தால் ஆயிரம் முறை பார்க்க வேண்டியிருக்கும். பைசெக்ட் நடுவில் இருக்கும் ஐந்நூறாவது பதிவை எடுத்துத் தரும். நாம் ஓடவிட்டுப் பார்த்து ‘நல்லது’ அல்லது ‘கெட்டது’ என்று சொல்ல வேண்டும். நல்லது என்றால் கோளாறு பின்பாதியில். கெட்டது என்றால் முன்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் 1000 மாற்றங்களுக்குச் சுமார் 10 சோதனைகள் போதும். 2-இன் அடுக்கு 10 என்றால் 1024 என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கடைசியில் ஒரே ஒரு பதிவு கையில் நிற்கும். அது ஐந்து வரி மாற்றமாக இருந்தால் தவறு கண்முன் தெரியும். இரண்டாயிரம் வரியை ஒரே பதிவில் கொட்டி வைத்திருந்தால், தேடல் முடிந்த இடத்திலிருந்து இன்னொரு தேடலைத் தொடங்க வேண்டியதுதான்.

இதைக் கணினியே இல்லாமல் என் ஒன்பதாம் வகுப்பில் செய்கிறோம். மேலே சொன்ன வழி இதுதான். இயற்கணிதக் கோவை ஒன்றைச் சுருக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் பதினாறு வரியில் செய்து தவறான விடைக்கு வந்திருக்கிறார். முதல் வரி கேள்வி, அது சரி. பதினாறாவது வரி தவறு. முதல் வரியில் மாறிக்கு 2 என்று பிரதியிட்டு மதிப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். பிறகு எட்டாம் வரியில் 2 பிரதியிடு. அதே மதிப்பு வந்தால் அதுவரை ‘நல்லது’, வராவிட்டால் ‘கெட்டது’. அடுத்து நான்காம் வரி அல்லது பன்னிரண்டாம் வரி. நான்கு சோதனைக்குள் எந்த வரியில் தவறு நுழைந்தது என்று மாணவரே கண்டுபிடித்துவிடுவார். நான் சிவப்பு மையைத் தொடவே வேண்டாம். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: ஒரு வரியில் ஒரு மாற்றம். இரண்டு அடைப்பையும் பிரித்து, ஒத்த உறுப்புகளையும் சேர்த்து, எல்லாவற்றையும் மனத்தில் செய்து ஒரே வரியில் எழுதினால் விளையாட்டு நடக்காது. ‘ஒவ்வொரு படியாக எழுது’ என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி நடக்காதது, இந்த விளையாட்டுக்காக நடந்தது.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவி. விடை எப்போதும் தவறாகவே வரும். ‘எனக்குக் கணக்கு வராது சார்’ என்று அவரே முடிவு கட்டியிருந்தார். இந்த முறையில் அவருடைய ஆறு கணக்குகளைப் பார்த்தோம். ஆறிலும் முதல் கெட்ட வரி ஒரே மாதிரி இடத்தில்தான் இருந்தது: அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் குறி வரும் இடம். உள்ளே இருக்கும் முதல் உறுப்புக்குக் குறியை மாற்றிவிட்டு இரண்டாம் உறுப்பை அப்படியே விட்டிருந்தார். மற்ற வரிகள் அனைத்தும், முன்வரியிலிருந்து பார்த்தால், சரி. வராதது கணக்கு அன்று, அந்த ஒரு படி. அடுத்த வாரம் அந்த இடம் வரும்போதெல்லாம் தானே பென்சிலால் ஒரு சுழி போட்டுக்கொண்டு நிதானித்தார்.

தொடக்க வகுப்புகளில் பைசெக்ட் வேண்டாம். திருத்தக் குறிப்பு மட்டும் போதும். பிழையான சொல்லை ரப்பரால் அழிக்காமல் மேலே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதையும் காரணத்தையும் எழுதச் சொல்லலாம். ‘மரம்கள்’ என்பதை ‘மரங்கள்’ என்று மாற்றினால் ‘ம் போய் ங் வந்தது’ என்று எழுதினாலே போதும். தொடக்கத்தில் எல்லாக் குழந்தைகளும் எழுதும் காரணம் ‘டீச்சர் சொன்னாங்க’ என்பதுதான். என் வகுப்பிலும் ‘சார் சொன்னார்’ என்றே பாதி நோட்டுகள் நிறைந்திருந்தன. அதைத் தவறென்று சொல்லவில்லை. ‘சார் ஏன் சொன்னார்?’ என்று பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதிவைத்தேன்.

பிரதியிடும் விளையாட்டை ஆடுவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். 0, 1 ஆகிய எண்களைப் பிரதியிட வேண்டாம். 0 போட்டால் மாறி உள்ள உறுப்புகள் மறைந்துவிடும். 1 போட்டால் அடுக்கில் உள்ள தவறு தெரியாது. இன்னொன்று, ஒரு தவறை அடுத்த தவறு ஈடுகட்டிவிட்டால் கெட்ட வரிக்குப் பின் நல்ல வரி வரும். தேடல் தடம் மாறிப்போகும். கிட்டின் பைசெக்டுக்கும் இந்தக் குறை உண்டு. ஒருமுறை கெட்டால் அதன்பின் கெட்டே இருக்கும் என்று நம்பித்தான் அது தேடுகிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார்: “சோதிக்க வேண்டிய வரியில எழுத்தே புரியலன்னா என்ன சார் பண்றது?” நல்ல கேள்வி. கிட்டில் அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது: ‘ஸ்கிப்’. சோதிக்க முடியாத பதிவைத் தாண்டி, அருகில் உள்ள வேறொன்றை அது எடுத்துத் தரும். ஆனால் தவறு அந்தப் புரியாத வரிக்கு ஒட்டினாற்போல் இருந்துவிட்டால், கிட்டால் ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. ‘இவற்றில் ஒன்று’ என்று பட்டியலைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். கேட்ட மாணவர் தம் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏழாம் வரியைத் திருப்பி எழுத ஆரம்பித்தார்.